வலைக்கு வெளியே கடிக்கும் கொசு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டியின் கொசுவலை ஒன்று இருக்கிறது. ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, கொண்டுவந்தது. ஒரு மூலையில் கிழிந்த இடத்தில் சிவப்புச் சேலைத் துண்டை வைத்து நெருக்கமாகத் தைத்திருக்கிறார். சாதாரண வலையில் ஒரே ஓட்டை போதும், கொசு உள்ளே வந்துவிடும். தூக்கத்தில் கை வலையை ஒட்டிக் கிடந்தாலும் வெளியிலிருந்தே குத்திவிடும்.

இப்போதைய மருந்து வலை வேறு விதம். அதன் இழையிலேயே பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து ஊறியிருக்கும். உள்ளே படுத்திருப்பவர் விடும் மூச்சும், உடம்புச் சூடும், வியர்வை வாடையும் கொசுவை இழுக்கும். அது வந்து வலையில் உட்காரும், மருந்து காலில் ஏறும், நரம்பு முடங்கி விழும். தூங்குகிற ஆள்தான் தூண்டில் இரை!

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. மலேரியா நோயாளியின் ரத்தத்தைக் குடித்த அனாஃபிலிஸ் கொசு உடனே நோயைப் பரப்பாது. கிருமி அதன் வயிற்றுச் சுவரில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச்சேர சுமார் 10 நாளாவது ஆகும். அதற்குள் முட்டை வளர்ப்பதற்காக 2, 3 நாளுக்கு ஒருமுறை அது மறுபடி ரத்தம் தேடி வந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்து வலையில் பாதிக் கொசுக்கள் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 கொசு 50 ஆகும், அப்புறம் 25, அப்புறம் 12, நாலாவது முறை 6. கிருமியைச் சுமந்து கிழவியாகும் கொசுதான் ஆபத்து. அந்த வயதை எட்ட வலை விடுவதில்லை. ஊரில் பெரும்பாலோர் வலை கட்டினால், கட்டாத வீட்டுக்கும் பாதுகாப்பு கிடைப்பது இதனால்தான்.

ஆனால் மலாயாத் தோட்டங்களில் மலேரியா அடங்கியதற்கு வலையைவிட வாய்க்கால்தான் பெரிய காரணம். 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நீரை வடிக்க வைத்தார். காய்ச்சல் சட்டென்று குறைந்தது. அதே வழி மலைச்சாரல் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டி வெயில் பட வைத்த தெளிந்த ஓடைகளில்தான் மாக்குலேட்டஸ் என்ற மலேரியாக் கொசு முட்டையிடும். ரப்பர் நடக் காட்டை அழித்ததே நம் ஆட்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. எத்தனை குடும்பங்கள் அப்படிப் போயின என்று நினைத்தால் மனசு கனக்கிறது. பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் கட்டுப்படுத்தினார்கள்.

2018 முதல் மலேசியாவில் மனிதனிடமிருந்து கொசுவுக்கு, கொசுவிடமிருந்து மனிதனுக்கு என்ற பழைய சுழற்சியில், உள்ளூரிலேயே தொற்றிய மலேரியா இல்லை. சரி, அப்படியானால் பயமில்லையா? இருக்கிறது. அந்த ஆண்டே நோலெசி என்ற குரங்கு மலேரியா 4,000 பேருக்கு மேல் வந்தது. பெரும்பாலும் சபா, சரவாக். தீபகற்பத்தின் காட்டோரங்களிலும் உண்டு. நீண்டவால் குரங்கின் ரத்தத்தில் வாழும் கிருமி இது. 2004இல் பல்பீர் சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட்டில் பலருக்கு இது இருப்பதைக் காட்டினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சாதுவான ‘மலேரியே’ என்ற மலேரியாக் கிருமி வகையைப் போலவே தெரியும். அதனால் பல காலம் பெயர் மாற்றி எழுதப்பட்டது. ஆனால் சாது இல்லை: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும்.

இதைப் பரப்பும் கொசுக்கள் வெளியில், பொழுது சாய்ந்ததுமே கடிக்கத் தொடங்கும். அப்போது யார் வலைக்குள் இருப்பார்? செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை ஏற்றிக்கொண்டோ, ஓடையில் குளித்துக்கொண்டோ இருப்பார்கள். பாட்டியின் காலத்திலும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்கப் போகும்போதே வலையின் காவல் முடிந்துவிட்டது.

என் மாமா பையன் உலு சிலாங்கூர் பக்கம் செம்பனை வேலை பார்க்கிறான். வலை கட்டிப் படு, அதோடு மாலை 6 மணிக்கே முழுக்கைச் சட்டை போடு, கை கால் கழுத்தில் கொசு விரட்டி தடவு, காட்டில் தங்கினால் வலை வைத்த ஊஞ்சல் படுக்கையில் தூங்கு என்று சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் டெங்கி என்று நினைத்துப் பனடோல் போட்டுக் காத்திருக்காமல், "காட்டோரம் வேலை செய்கிறேன், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்கள்" என்று அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன்.