ஒரு காதில் மட்டும் மாட்டினால் போதாதா?

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இடது காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறேன். வண்டிகள் வலப்பக்கம்தானே முந்துகின்றன, அந்தக் காது திறந்தே இருக்கிறது. இதில் என்ன தவறு சார்?"

கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமும் இதையே நம்புகிறது: சைக்கிள் ஓட்டுபவர் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது, ஒன்றை அடைக்கலாம். பிரான்ஸ் இதை ஏற்கவில்லை. அங்கே 2015 ஜூலை முதல் ஒற்றைக் காதில் செருகினாலும் 135 யூரோ அபராதம். என்னைக் கேட்டால் பிரான்ஸ் பக்கம்தான் நியாயம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், பின்னால் கார் 60-ல் வருகிறது. 50 மீட்டர் தூரத்தில் அதன் சத்தம் காதில் விழுந்தால், அது உங்களை எட்ட 4 விநாடி. அந்தச் சத்தம் பெரும்பாலும் எஞ்சினுடையது அல்ல, டயர் சாலையில் உரசும் இரைச்சல். அது ஓங்கி ஒலிப்பது 1000 ஹெர்ட்ஸை ஒட்டி. பாடகரின் குரலிலும் முக்கியமான பகுதி அங்கேதான் இருக்கிறது. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் இரண்டும் ஒரே இடத்தைத் தட்டுவதால், பாட்டு இரைச்சலை விழுங்கிவிடுகிறது. காதை மூடாத, எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் ஹெட்போனும் இதற்கு விலக்கல்ல. அந்தப் பாட்டும் கடைசியில் போய்ச் சேர்வது அதே காக்லியாவுக்குத்தான்.

இது பாதிக் கதை. என்னை மலைக்க வைப்பது மீதிப் பாதி.

கண்ணுக்குத் திசை தெரிவதில் அதிசயமில்லை. விழித்திரையில் மேல், கீழ், இடம், வலம் எல்லாம் படமாகவே விழுகிறது. காக்லியாவில் அப்படி ஒரு படம் கிடையாது. அது ஒலியைத் தடித்தது, மெல்லியது என்று சுருதிவாரியாகப் பிரிப்பதோடு சரி. வலப்பக்கத்து லாரி, இடப்பக்கத்து நாய் என்ற செய்தி அதில் எங்கும் எழுதப்படவில்லை. மூளை அதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குக்கு வேண்டிய எண்கள் இரண்டு காதிலிருந்தும் வர வேண்டும்.

வலப்பக்கத்து ஒலி வலது காதை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி இடது காதுக்குப் போக அதற்கு அதிகபட்சம் 0.65 மில்லி விநாடிதான் கூடுதலாகத் தேவை. ஒலி பக்கவாட்டிலிருந்து நேர் எதிருக்கு நகர நகர இந்த இடைவெளி சுருங்கி, பூஜ்யமாகும். இதில் 10 மைக்ரோ விநாடி வித்தியாசத்தைக்கூட நம்மால் உணர முடியும். ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு! ஆனால் ஒரு நரம்பணுவின் ஒற்றைத் துடிப்பே ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி நீடிக்கிறது. அளக்க வேண்டியதைவிட அளவுகோல் நூறு மடங்கு தடிமன். பிறகு எப்படி?

1948-ல் லாயிட் ஜெஃப்ரஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வழி சொன்னார். ஒரு நீண்ட தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கோடியிலிருந்தும் இரண்டு பையன்கள் ஒரே வேகத்தில் எதிரெதிரே ஓடி வருகிறார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒருவர் மணியோடு நிற்கிறார். இருவரும் தன் வாசலை ஒரே கணத்தில் கடந்தால் மட்டும் அவர் மணியடிப்பார். ஒரே நேரத்தில் கிளம்பினால் நடுவீட்டு மணி அடிக்கும். கிழக்குக் கோடிப் பையன் கொஞ்சம் முந்திக்கொண்டால், மேற்கே தள்ளியுள்ள வீட்டு மணி. யாரிடமும் கடிகாரம் இல்லை. எந்த வீட்டு மணி அடித்தது என்பதை வைத்தே யார் எவ்வளவு முந்தினார் என்று சொல்லிவிடலாம். பையன்கள் இரு காதின் துடிப்புகள், மணியோடு நிற்பவர்கள் மூளையின் நரம்பணுக்கள். காலம் இடமாக மாறிவிட்டது!

ஜெஃப்ரஸ் இதைக் காகிதத்தில்தான் எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து கேத்தரின் கார் (Carr), மசகாசு கொனிஷி என்ற இரு நரம்பியல் ஆய்வாளர்கள் கூகை என்ற ஆந்தையின் மூளையில் அந்தத் தெருவையே கண்டார்கள். இரு பக்க நரம்பிழைகள் எதிரெதிரே ஓடிவர, நடுவே மணியடிக்கும் அணுக்கள் வரிசையாக நின்றன. பாலூட்டிகளில் ஏற்பாடு கொஞ்சம் மாறுகிறது, அது பற்றிய விவாதம் ஓயவில்லை. ஆனாலும் இரு காதுத் துடிப்புகளும் ஓரிடத்தில் சந்தித்தே ஆக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. கூகை அலறினால் சாவு வரும் என்று இன்றும் கல்லால் அடிக்கிறார்கள். நெல்வயலில் எலியைத் தின்று நம் சோற்றைக் காக்கும் பறவை, நம் காது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லித்தந்திருக்கிறது. ஆந்தைக்குக் காது கேட்பதை ஆராய்ந்து யாருக்கு லாபம் என்று நிதியை நிறுத்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வாசகரின் இடது காதுக்கு வருவோம். அங்கிருந்து கிளம்பும் துடிப்புகள் பாட்டின் தாளத்துக்கு ஓடுகின்றன. வலது காதிலிருந்து காரின் துடிப்பு தனியாக வருகிறது, எதிரே சந்திக்கத்தான் ஆள் இல்லை. கார் வருவது கேட்கும், எங்கே என்பது குழம்பும்.

சென்ற வாரம் வீட்டுத் திண்ணையில் இதைச் செய்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இடது காதை விரலால் அடைத்தேன். அண்ணன் மகள் சத்தமில்லாமல் நடந்து, நின்ற இடத்தில் சாவிக்கொத்தைக் குலுக்குவாள், நான் கையை நீட்டிக் காட்ட வேண்டும். என் கை திரும்பத் திரும்ப வலப்பக்கமே போனது. ஒருமுறை அவள் என் இடது தோளுக்குப் பின்னால் நிற்க, நான் எதிர் மூலையைக் காட்டினேன். "சித்தப்பா, நான் இங்க இருக்கேன்!" என்று அவள் குரல் கொடுத்த பிறகும் சட்டென்று திரும்பத் தெரியவில்லை.

முன்னா பின்னா என்பது இன்னும் நுட்பமான விஷயம். நேர் முன்னும் நேர் பின்னும் இரு காதுக்கும் சம தூரம், நேர வித்தியாசம் பூஜ்யம். அங்கே கைகொடுப்பது காது மடல். அதன் மேடு பள்ளங்களில் மோதி வரும் ஒலி, வந்த திசைக்கேற்ப நிறம் மாறுகிறது, அதாவது சில சுருதிகள் ஓங்கி, சில மங்குகின்றன. மூளை அந்த நிறங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. 1998-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் சிலரின் காது மடல் குழியில் அச்சு வார்த்துப் பொருத்தி வடிவத்தை மாற்றினார்கள். ஒலி மேலிருந்தா கீழிருந்தா என்பது உடனே தெரியாமல் போயிற்று. சில வாரங்களில் புதிய காதைக் கற்றுக்கொண்டார்கள். அச்சைக் கழற்றியதும் பழைய காது அப்படியே வேலை செய்தது! இயர்போன் போய் உட்காருவதும் அந்தக் குழியில்தான். சைக்கிளில் அதை மாட்டிக் கழற்றுபவருக்குப் பழக வாரக்கணக்கில் நேரம் ஏது?

காது கேளாதவர்களும் சைக்கிள் ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். ஓட்டுகிறார்கள், கண்ணாடி பொருத்தி, அடிக்கடி திரும்பிப் பார்த்து. தனக்கு என்ன கேட்காது என்று அவர்களுக்குத் தெரியும். இயர்போன்காரருக்கு அது தெரிவதில்லை.

வழி சொல்லும் குரல் அவசியம் வேண்டுமானால் போனைச் சட்டைப்பையில் போட்டு ஸ்பீக்கரை மெல்ல வையுங்கள். அந்தக் குரலும் வெளியிலிருந்து இரண்டு காதுக்கும் வருவதால் அதற்கு ஒரு இடம் இருக்கும். அது மார்புப் பக்கத்துச் சத்தம், இது முதுகுப் பக்கத்துச் சத்தம் என்று மூளை இரண்டையும் தனித்தனியே பிரித்துக்கொள்ளும்.