செப்புச் சிற்பத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

1960, 70-களில் சென்னைச் சிற்பிகள் செய்த உலோகச் சிற்பம் ஏதாவது உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிறதா? தயவுசெய்து பண்டிகைக்குப் பாத்திரம் துலக்கும்போது அதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நவீன சிற்பங்களை ஆராயும் கலை வரலாற்றாளராக நான் அடிக்கடி பார்க்கும் சேதம் இதுதான்.

அந்தச் சென்னைச் சிற்பிகளில் ஒருவரான பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்துக் கண்ணையும் நகையையும் உடையையும் கோடுகளாகவே காட்டினார். தகட்டில் படிந்த பழுப்பும் கருமையும் அழுக்கல்ல. அந்தக் கோடுகள் எடுப்பாகத் தெரிவதே அதனால்தான். தேய்த்துப் பளபளப்பாக்கினால் தகடும் கம்பியும் ஒரே நிறமாகி முகமே மங்கிப்போகும். வெளிர்பச்சையாக, மாவு போல உதிரும் களிம்பு மட்டும் வேறு விஷயம். உப்புக் காற்றில் வருவது, உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அதற்கும் புளி வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

எந்தச் சிற்பத்திலும் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும்தான். கையெழுத்து, ஆண்டு, பழைய கண்காட்சிச் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். பெயின்ட் அடித்தாலோ புதிய பீடத்தில் சிமென்ட் போட்டுப் பதித்தாலோ அத்தனையும் போய்விடும்.

அப்புறம் காகிதங்கள். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை டெல்லி தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்திலும் நிற்கிறது. வெண்கலத்தில் ஒன்றுக்கு மேல் வார்ப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு வார்ப்பு சிற்பி இருந்தபோது வந்ததா, மறைவுக்குப் பின் குடும்பத்தார் வார்த்ததா என்று சொல்ல, பெரும்பாலும் வார்ப்புப் பட்டறையின் ரசீதுதான் கைகொடுக்கும். அதைத்தான் வீடு மாறும்போது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். அழைப்பிதழ், கடிதம், பின்னால் எழுதிய புகைப்படம், உடைந்த பிளாஸ்டர் அச்சு, எதையும் ஒருவரிடம் காட்டாமல் எறியாதீர்கள்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு: பரோடா போன்ற இடங்களில் கலை வரலாறு முறையாகப் படிக்கலாம். நிரந்தர வேலைகள் குறைவு, அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். படிப்போடு பற்றவைப்புப் பட்டறையிலும் போய் உட்காருங்கள். தமிழில் பேட்டி எடுக்கத் தெரிந்தவர்கள் உடனடியாகத் தேவை. 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கிய தலைமுறையில் நேரில் கேட்கக்கூடியவர்கள் இன்று மிகச் சிலர்தான்.