சொத்தை விழாத பல்லின் வலி

நமக்கு விழுவதைப் போன்ற பல் சொத்தை பூனைக்கு விழுவது மிக அரிது. அதனாலேயே, பூனையின் பல்லைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் சொத்தையிலிருந்து பல்லைக் காக்கும் அதே உமிழ்நீர்தான் இன்னொரு நோய்க்கு இடம் கொடுக்கிறது.

பிறந்து ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் குட்டியின் 26 பால்பற்களும் விழுந்து, 30 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அரைப்பதற்கான அகன்ற பரப்பு இவற்றில் இல்லை. மேல்வரிசையும் கீழ்வரிசையும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல உரசிச் சென்று இறைச்சியைத் துண்டாக்குகின்றன. உணவு தங்கும் குழிகள் குறைவு என்பதாலும், உமிழ்நீர் காரத்தன்மை உடையது என்பதாலும் பல்லை அரிக்கும் அமிலம் அங்கே நிலைப்பதில்லை. ஆனால் காரத்தன்மை மிகுந்த நீரில் கால்சியம் உப்புகள் எளிதில் படியும். சுத்தமான பல்லின்மேல் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் ஒட்டிப் பிசுபிசுப்பான படலமாகின்றன. இரண்டு மூன்று நாட்களில் அந்தப் படலம் உப்பேறி இறுகிக் காரையாகிவிடுகிறது. படலத்தைத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம், காரையை அப்படி எடுக்க முடியாது. தினமும் துலக்கச் சொல்வதன் காரணம் இதுதான். விட்டுவிட்டால் ஈறு விளிம்பு சிவந்து வீங்கும். பாக்டீரியாக்கள் ஈறுக்கு அடியில் இறங்க, பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும்.

இதைவிடக் கொடிய நோய் ஒன்று உண்டு. பால்பற்களின் வேரைக் கரைத்து அவற்றை விழச் செய்யும் செல்கள், சில பூனைகளில் வயதான பிறகு நிலைப்பற்களையே கரைக்கத் தொடங்குகின்றன. கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பல்லில் இது அதிகம் தென்படும். பல்லின் கழுத்தில் ஈறு சற்று மேலேறி, சிவந்த புள்ளி போலத் தெரியும். உள்ளே பாதிப் பல் போயிருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் அளவு தெரியாது. துலக்குவதால் இதைத் தடுக்கலாம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் தினமும் வாயைப் பார்ப்பவர்தான் அந்தச் சிவப்பை முதலில் காண்பார்.

பூனை வலியை மறைக்கும். பசியோடு தட்டை நோக்கி வந்து, ஒரு துண்டைக் கவ்வி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அதைக் கீழே போட்டுவிட்டுச் சீறியபடி விலகினால் அது சாப்பாட்டின்மேல் கோபமில்லை, பல்வலி. எச்சில் ஒழுகுவதும், வாய் நாறுவதும், உடலை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவதும் அதே குறிகள். இந்த நிலையில் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ கிராம்புத் தைலத்தையோ தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இத்தகைய பொருள்களை நச்சு நீக்கி வெளியேற்றும் நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே அதன் உயிரைப் பறிக்கப் போதும்.

துலக்குவதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. பூனையின் பின்னால் அமர்ந்து, உதட்டின் ஓரத்தை மட்டும் விரலால் மெல்லத் தூக்கி, மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தையும் ஈறு விளிம்பையும் தேய்த்தால் போதும். உட்பக்கத்தை ஓரளவு அதன் சொரசொரப்பான நாக்கே பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் விரலை நக்கவிடுங்கள், பிறகு விரலில் சுற்றிய துணி, அதன்பின் சிறிய பிரஷ். நம்முடைய பேஸ்ட் கூடாது: பூனைக்குத் துப்பத் தெரியாது, அதிலுள்ள ஃப்ளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்குள் போகும். கோழி, மீன் சுவைகளில் பூனைக்கென்றே பேஸ்ட் கிடைக்கிறது; இனிப்பை உணரும் மரபணு பூனையில் செயலிழந்திருப்பதால் இனிப்பான பேஸ்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இறுகிய காரையைக் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். விழித்திருக்கும் பூனையின் பல்லைச் சுரண்டினால் மேற்பரப்பு வெள்ளையாகும், ஈறுக்கு அடியில் உள்ளது அப்படியே இருக்கும். கரைந்துபோன பல்லைப் பிடுங்குவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் பல பற்களை இழந்த பூனைகளும், புண் ஆறியபின் முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன. பூனை எப்போதுமே உணவை மென்று அரைப்பதில்லை, துண்டாகவே விழுங்குகிறது.