புன்கை: கட்டாவைப் பிரித்தால் போதுமா, பொருள் கொள்ள வேண்டாமா?

கராத்தே வகுப்புகளில் புழங்கும் ஜப்பானியச் சொற்களில் அதிகம் அடிபட்டது எது என்று கேட்டால் ‘புன்கை’யைத்தான் சொல்வேன். உச்சரிப்பிலும் அடி, பொருளிலும் அடி.

உச்சரிப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்கிற பெங்களூர்ப் பிள்ளைகள் பேக்கரி பன்னோடு கையைச் சேர்த்து ‘பன்கை’ என்கிறார்கள். ஜப்பானியர் வாயில் முதலெழுத்து புதன்கிழமையில் வருகிற ‘பு’. நடுவில் மூக்கொலி, அடுத்து அழுத்தமான ககரம். ‘புங்கை’ என்று எழுதினால் ககரம் மெலிந்து மரமாகிவிடும். இங்கே சாலையோரம் நிற்கிற, கன்னடத்தில் ஹொங்கே என்கிற அதே மரம். ஆகவே புன்கை என்றே எழுதுகிறேன். அந்த மரத்துக்குச் சங்க நூல்களில் புன்கு என்றுதான் பெயர், ஆக இந்த எழுத்துக்கூட்டலிலும் மரம் முழுசாக விலகிவிடவில்லை.

பொருளுக்கு வருவோம். அல்சூரிலோ ஆஸ்டின் டவுனிலோ பச்சை பெல்ட் கட்டிய ஒரு தமிழ்ப் பையனை நிறுத்திக் கேளுங்கள். “புன்கைன்னா கட்டாவோட அப்ளிகேஷன் அங்கிள்” என்பான். (கட்டா என்பது கராத்தேயில் மனப்பாடமாகச் செய்து பழகும் அசைவு வரிசை.) மாஸ்டர்கள் பலரும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் அதை அப்படியே ‘பயன்பாடு’ ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் பயன்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் தனிச்சொல் இருக்கிறது: ஓயோ. புன்கை அதற்கு முந்தைய வேலை. பிரிக்காமலே பயன்படுத்தத் துணிவதால்தான் கராத்தே செயல்விளக்கங்களில் பாதி நாடகமாகப் போகிறது என்பது என் கட்சி.

சொல்லில் இரண்டு சீன எழுத்துகள். ‘புன்’ என்பது பகுத்தல். மேலே பிளவைக் காட்டும் இரண்டு கீற்று, கீழே ஒரு கத்தி. ‘கை’ என்பது அவிழ்த்தல், விடுவித்தல். அந்த எழுத்துக்குள்ளே கொம்பு, கத்தி, மாடு மூன்றும் உண்டு. மாட்டைக் கூறுபோடுகிற காட்சியிலிருந்து பிறந்த எழுத்து அது. சீன ஞானி ஜுவாங்சியின் பெயரில் வழங்கும் கதை ஒன்றில் டிங் என்ற சமையற்காரன் மாட்டை அறுப்பதற்கும் இதே எழுத்துதான். எலும்பை வெட்டாமல் மூட்டுகளின் இடைவெளி பார்த்துக் கத்தியைச் செலுத்துவதால், 19 வருஷமாகியும் அவன் கத்தி புதிதாகச் சாணை பிடித்ததுபோல் இருந்ததாம். எங்கே மூட்டு என்று தெரிந்து பிரிப்பது என்ற இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாவுக்கு உதவும்.

ஜப்பானியருக்கு இது சண்டைக்கலைச் சொல்லே அல்ல, அன்றாடச் சொல். இயந்திரத்தைக் கழற்றிப் போடுவது புன்கை. இலை மட்கிச் சிதைவது புன்கை. பள்ளிக் கணக்கில் நாம் காரணிப்படுத்துதல் என்பது அங்கே ‘இன்சூ புன்கை’. விமானம் நடுவானில் உடைந்து சிதறுவது ‘கூச்சூ புன்கை’. விமானத் தொழிற்சாலை இருக்கும் ஊரில் இந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் “இன்ஜினைப் பிரிச்சாத்தான் சார் தெரியும்” என்றால், அந்தப் ‘பிரிச்சா’தான் புன்கையின் நேர்ப்பொருள். இன்ஜினைப் பிரித்தவர் உடனே வண்டியை ஓட்டிக் காட்டுவதில்லை.

கன்னடத்திலும் நல்ல இணை கிடைக்கிறது. ‘பிடிசு’ என்றால் முடிச்சை அவிழ்ப்பது, கணக்கை விடுவிப்பது இரண்டும்தான். “பிடிசி ஹேளி” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் விவரமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நம் ‘விடு’வும் அந்தப் ‘பிடு’வும் ஒரே வேர். ஜப்பானிய ‘கை’யும் இதே வேலையைச் செய்கிறது: அவிழ்ப்பது, விடை காண்பது.

இனி, கட்டாவை எதற்குப் பிரிக்க வேண்டும்?

கட்டா என்பது கோத்த அசைவுகளின் வரிசை. நம் குத்துவரிசையில் உள்ள ‘வரிசை’ இதற்குப் பொருந்தும். தெற்கத்தி அடிமுறைக்காரர்களின் ‘சுவடு’ம் நெருங்கி வரும். கராத்தே பிறந்த ஒக்கினாவாவில் ஆசான் ஒருசில மாணவர்களுக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்த காலத்தில் அசைவும் விளக்கமும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு அன்கோ (1831–1915) கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். பினான் என்ற ஐந்து கட்டாக்கள் அவர் கையால் வந்தவை. வரிசையாக நிற்கும் பையன்களுக்குக் கழுத்தை நெரிப்பதையும் மூட்டை ஒடிப்பதையும் சொல்லித்தர முடியுமா? உடற்பயிற்சி நிலைத்தது, விளக்கம் மெலிந்தது. ஆனால் அதே இத்தோசு 1908இல் எழுதிய கடிதத்தில், ஒவ்வொரு அசைவின் பொருளையும் அது எந்தச் சமயத்துக்கு உரியது என்பதையும் அறிந்து பழக வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். கடிதம் கிடைத்தது, அந்த வரியைத்தான் பலர் தாண்டிவிட்டார்கள்.

1922இல் டோக்கியோவுக்குப் போன ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) பினானை ஹெய்யான் என்று ஜப்பானிய வாய்க்கு ஏற்ப மாற்றினார். அவருடைய இருபது நெறிகளில் ஒன்று, கட்டாவைப் பிசகாமல் செய், மெய்ச்சண்டை வேறு என்கிறது. சிலர் இதைக் காட்டி, கட்டாவுக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். மூலத்தை மாற்றாதே, இடத்துக்குத் தக்கபடி கையாள் என்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் முதலில் வருகிற ஹெய்யான் ஷோதானையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் திரும்பிக் கீழ்நோக்கி ஒரு வீச்சு, ஒரு எட்டு வைத்துக் குத்து. அப்படியே பின்னால் திரும்பி வலக்கையால் அதே வீச்சு. அடுத்து ஒரு வினோதம்: முன்காலைப் பாதி இழுத்துக்கொண்டு, வலக்கையை வட்டமாகச் சுழற்றி மேலிருந்து சுத்தியல் போல முஷ்டியை இறக்க வேண்டும். ஏன்? வீச்சை முடித்த கையின் மணிக்கட்டை எதிராளி பிடித்துவிட்டான் என்று வைத்துப் பாருங்கள். உடம்பு பின்வாங்கும்போது அவன் கை நீளும். நம் கை சுழலும்போது அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம், அதாவது பிடியின் பலவீனமான வாய், திறக்கும். விடுபட்ட கை அவன் முன்கையிலோ காறையெலும்பிலோ இறங்கும். கட்டாவிலேயே ‘இங்கே பிடி விழுந்திருக்கிறது’ என்று எழுதி ஒட்டினாற்போன்ற இடம் இது.

இந்த ஓர் இடத்தை ஒப்புக்கொண்டால் மற்றவையும் மாறத் தொடங்கும். கீழ்வீச்சைக் ‘கீழ் பிளாக்’ என்று சொல்லி, யாரோ உதைப்பதைத் தடுப்பதாகக் காட்டுவார்கள். வேகமாக வரும் கணைக்காலெலும்பின் மேல் முன்கையைக் கொண்டு மோதினால் யாருக்கு வலிக்கும் என்று ஒரு தரம் மெதுவாகச் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதே அசைவில் மற்றொரு கை இடுப்புக்கு வருகிறதே, அதன் பெயர் ஹிகிதே, இழுக்கும் கை. வெறுங்கையை இழுத்து என்ன பயன்? அதில் எதிராளியின் மணிக்கட்டு இருக்கிறது என்று கொள்ளுங்கள். இழுத்த கையை நேராக்கி, கீழிறங்கும் முன்கையை அவன் முழங்கைக்குச் சற்று மேலே அழுத்தினால் ஆள் குனிந்துவிடுவான். பிறகு குத்து எங்கே விழும் என்று சொல்லவே வேண்டாம்.

‘பிளாக்’ என்கிற சொல்லும் குற்றவாளிதான். ஜப்பானிய ‘உகே’ வருவது ‘உகேரு’ என்ற வினையிலிருந்து: ஏற்றுக்கொள்வது, வாங்கிக்கொள்வது. ‘தடுப்பு’ என்று எழுதினால் பொருள் பாதி செத்துவிடுகிறது. ‘வாங்கு’ மிக அழகாகப் பொருந்தும், ஏனென்றால் பழந்தமிழில் அதற்கு இழுத்தல், வளைத்தல் என்றும் பொருள் உண்டு, வில் வாங்குதல் என்பதுபோல. ஆனால் ‘மேல் வாங்கல்’, ‘கீழ் வாங்கல்’ என்று பெயர் வைத்தால் எந்தப் பையனும் அடி வாங்குவதைத்தான் நினைப்பான். ‘ஏற்பு’ போதும்.

திசை இன்னொரு சிக்கல். கட்டா எட்டுத் திசையும் திரும்புவதால் எட்டுப் பேரோடு சண்டை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஷித்தோ-ரியு என்ற கராத்தே மரபை நிறுவிய மபுனி கென்வா (1889–1952) இதை அன்றே அபத்தம் என்று எழுதிவிட்டார். எதிராளி ஒருவன்தான், முன்னால்தான் நிற்கிறான். நாம் அவனுக்கு எந்தக் கோணத்தில் விலகி நிற்கிறோம் என்பதைத்தான் திருப்பம் காட்டுகிறது. கோஜு-ரியு மரபின் தோகுச்சி செய்கிச்சி (1917–1998) எடுத்துச் சொன்ன ‘காய்சாய்’ விதிகளும், அதாவது கட்டாவைப் பிரித்துப் பொருள் காணும் விதிகளும், இதையே சொல்கின்றன: தடத்தைப் பார்த்து ஏமாறாதே, முன்னேறிச் செய்வது தாக்குதல், பின்வாங்கிச் செய்வது தற்காப்பு, எதிரி ஒருவனே. ‘காய்சாய்’இல் இருக்கும் முதல் எழுத்தும் புன்கையில் உள்ள அதே மாட்டுக்கொம்பு எழுத்துதான்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?

‘பகுப்பாய்வு’ என்று அகராதி பார்த்து எழுதலாம், பிழையில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்து வாடை அடிக்கும். தரையில் வியர்வையோடு நிற்கிறவனிடம் “இப்போது பகுப்பாய்வு செய்” என்று எந்த மாஸ்டரும் சொல்லப்போவதில்லை. ‘பிரிப்பு’ சொல்லுக்குச் சொல் சரி, வினையாகவும் நன்றாக ஓடும்: “இந்த மூணு அசைவையும் பிரிச்சுக் காட்டு.” வகுப்பில் பேச இதுவே போதும். ஆனால் பிரித்த துண்டுகளை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதுதான் கலையின் சாரம். அதற்கு நம்மிடம் ஆயத்தமான சொல் ஒன்று இருக்கிறது, பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்தது: பொருள்கோள்.

செய்யுளில் சொற்கள் நிற்கும் வரிசை ஒன்று, பொருள் கொள்ளும் வரிசை வேறொன்றாக இருக்கலாம். அந்தப் பொருள் கொள்ளும் முறைகளை நன்னூல் எட்டாக வகுக்கிறது. கட்டாவும் செய்யுள் போல இறுக்கிக் கட்டியது; மனப்பாடத்துக்காகச் சமன் செய்த இடங்கள் உண்டு, இடப்பக்கம் செய்ததை வலப்பக்கமும் செய்யும் எதுகை உண்டு. ஆற்றுநீர்ப் பொருள்கோள் போல வரிசையாகவே பொருள் தரும் பகுதிகள் இருக்கின்றன, மேலே சொன்ன பிடி விடுவிப்பு அப்படிப்பட்டது. தாப்பிசையில் நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் போய்ப் பொருந்தும். ஹெய்யான் ஷோதானில் கீழ்வீச்சு முடிந்ததும் அதே கை விரிந்து மேலே எழும், பிறகுதான் மறுகையால் மேலேற்பு. அந்த விரித்த கை முந்தியதன் முடிவா, பிந்தியதன் தொடக்கமா? இரண்டாகவும் எடுக்கலாம். முந்தியதோடு சேர்த்தால் பிடியிலிருந்து கழற்றிய கை. பிந்தியதோடு சேர்த்தால் முகத்துக்கு வரும் கையை ஒதுக்கிப் பிடிக்கும் கை, அடுத்து எழும் முன்கை தாடைக்கு அடியில் போய் நிற்கும்.

கொண்டுகூட்டுக்குச் சொல்லும் அந்தப் பழைய உதாரணம் நினைவிருக்கும்: ‘ஆலத்து மேல குவளை குளத்துள வாலின் நெடிய குரங்கு.’ நேராகப் படித்தால் ஆலமரத்தில் குவளை பூக்கும், குளத்தில் குரங்கு நீந்தும். இடம் மாற்றிக் கூட்டினால் எல்லாம் சரியாகும். மேடையில் நடக்கும் புன்கையில் எனக்கு அடிக்கடி அந்தக் குளத்துக் குரங்குதான் தெரிகிறது. எதிராளி மூன்று எட்டுத் தள்ளி நின்று கத்திக்கொண்டு குத்த வருவான், குத்திய கையை நீட்டியபடியே சிலைபோல் நிற்பான், இவர் நிதானமாக நாலு அடி அடிப்பார். வரிசை மாறவில்லை, பொருள்தான் இல்லை. கூட்டாளி கையை உடனே இழுத்துக்கொண்டால் விளக்கம் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் குழுக் கட்டாப் போட்டியில் பதக்கச் சுற்றுகளில் கட்டாவை முடித்ததும் மூவரும் புன்கையும் செய்து காட்ட வேண்டும். துள்ளலும் தூக்கி எறிதலும் கண்ணுக்கு விருந்து. கழுத்தில் கால்போட்டு வீழ்த்தும் கத்தரிக்கோல் பிடிக்கு அங்கே தடை உண்டு. அந்த விளையாட்டைக் குறைசொல்ல மாட்டேன், அது வேறு அரங்கு. தனிநபர் கட்டாவில் புன்கையே கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் தங்கம் வாங்கிய ஒக்கினாவாக்காரர் கியுனா ரியோவும் தனியே நின்று ‘ஓஹான் தாய்’ கட்டாவைச் செய்துதான் வாங்கினார்.

ஆகவே பேச்சில் ‘பிரிப்பு’, எழுத்தில் ‘பொருள்கோள்’, ஓயோவுக்குப் ‘பயன்பாடு’. ‘ஹென்கா’ என்று ஒன்று வரும், ஒரே அசைவைச் சற்று மாற்றிச் செய்வது. அதற்கு ‘மாற்று’ என்றால் போதும். ஒரே கட்டா பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதைப் ‘பாடபேதம்’ என்று சொல்லலாம், ஏடு பெயர்த்தெழுதியவர்கள் கண்ட அதே நோய். பெங்களூரில் ஃபுனாகோஷி வழிவந்த ஷோத்தோகான், மபுனியின் ஷித்தோ-ரியு இரண்டிலும் பிள்ளைகள் படிக்கிற குடும்பங்கள் கவனிக்க வேண்டிய பேதம் ஒன்று உண்டு. ஃபுனாகோஷி முதல் இரண்டு கட்டாக்களின் வரிசையை மாற்றி வைத்ததால், அண்ணன் வகுப்பில் ‘ஹெய்யான் ஷோதான்’ ஆக இருப்பது தங்கை வகுப்பில் ‘பினான் நிதான்’. வீட்டுக் கூடத்தில் இருவரும் ஒன்றாகப் பழகும்போது பெயரைச் சொல்லித் தொடங்காமல், முதல் அசைவைக் காட்டித் தொடங்கச் சொல்லுங்கள்.