கீழ்த்தாடையில் எலும்பு குறைவா? குட்டை இம்பிளான்ட் பற்றிக் கேளுங்கள்

போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் திருகுதான் இம்பிளான்ட். அதை வைக்கப் போய், "எலும்பு போதவில்லை, முதலில் எலும்பு வளர்க்க வேண்டும்" என்ற பதிலோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் கீழ்க்கடைவாய்ப் பல்லை எப்போதோ எடுத்தவர்கள். பல் போன இடத்தில் எலும்பு கரையும். முதல் வருடத்தில்தான் வேகம் அதிகம்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். அது அடிபட்டால் உதடு மரத்துவிடும், சிலருக்கு நிரந்தரமாகவே. அதனால் இம்பிளான்ட் நுனிக்கும் நரம்புக்கும் நடுவே 2 மி.மீ. விடுகிறோம். நரம்புக்கு மேல் 8 மி.மீ. எலும்புதான் என்றால் 6 மி.மீ. இம்பிளான்ட்தான் வைக்கலாம். இந்த அளவை சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் நம்பி முடிவு செய்யாமல் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில் பார்ப்பது நல்லது.

இவ்வளவு குட்டையானது தாங்குமா? வழவழப்பான பரப்போடு இம்பிளான்ட் வந்த காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. குட்டையானவை அதிகம் தோற்றன. இப்போது பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள், எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. அப்புறம், மெல்லும் அழுத்தம் பெரும்பாலும் இம்பிளான்ட்டின் கழுத்துப் பகுதியில்தான் விழுகிறது. ஆழத்தில் கூடும் நீளத்துக்கு அதில் பங்கு குறைவு. அகலம்தான் கூடுதலாக உதவுகிறது. மேல்தாடையின் பின்பக்கத்தைவிடக் கீழ்த்தாடை எலும்பு கெட்டி என்பதும் சாதகம்.

எலும்பு வளர்த்து நீளமான இம்பிளான்ட் வைப்பதோடு ஒப்பிட்ட 5 வருட ஆய்வுகளில், குட்டையானவை ஏறக்குறைய அதே அளவு நிலைத்திருக்கின்றன. வீக்கம், தையல் பிரிவது, மாதக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் குறைவு. போதிய உயரம் இருக்கும்போது எலும்பு வளர்க்கும் சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம் என்பேன்.

ஆனால் இழப்பதற்கு இதில் இடமில்லை. 12 மி.மீ. இம்பிளான்ட்டைச் சுற்றி 2 மி.மீ. எலும்பு கரைந்தால் ஆறில் ஒரு பங்கு போகும், 6 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. எனவே ஈறு நோயை முதலில் சரிசெய்ய வேண்டும், புகையை விட வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் பல்லுக்கு மேல் போட ஒரு காப்புத் தட்டு செய்து கொடுக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இம்பிளான்ட் என்றால் மேலே வரும் கேப்பை (செயற்கைப் பல்லை) இணைத்துப் போடுவது பாரத்தைப் பகிரும். கேப் போட்ட பிறகும் ஒழுங்காகப் பரிசோதனைக்கு வாருங்கள். எலும்பு கரையத் தொடங்கினாலும் வலி தெரியாது.

சிகிச்சை முடிந்து, மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் குறைய வேண்டிய நேரம் தாண்டியும் உதடு மரத்தே இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். இம்பிளான்ட் நரம்பை அழுத்துகிறது என்றால் சீக்கிரம் எடுப்பதில்தான் உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு அதிகம்.