வண்டி வராத மலை ரோடும் மணிக்கட்டும்

நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கிறேன். பஸ்ஸோ டெம்போவோ இடித்து வருகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். யாரும் இடிக்காமல், எதிரே ஒரு பைக் கூட வராத ரோட்டில் தானாகவே சைக்கிளிலிருந்து விழுந்து வருகிறவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஞாயிறு காலை விழுவார்கள், வலி தாங்காமல் செவ்வாய், புதன் வாக்கில் வருவார்கள். "ரோட்ல ஒரு வண்டி இல்ல மேடம், எப்படி விழுந்தேன்னே தெரியல" என்பார்கள். வண்டி இல்லாததுதான் பாதிக் காரணம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் சைக்கிளுக்கு ஏற்ற ரோட்டுக்குப் பஞ்சமே இல்லை. மார்த்தாண்டம் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்து ஓட்டியவர்களுக்கு, பூதப்பாண்டி தாண்டி தடிக்காரன்கோணம், கீரிப்பாறை பக்கமோ, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, கோதையாறு பக்கமோ திரும்பியதும் கிடைக்கும் நிம்மதி தெரியும். இரண்டு பக்கமும் ரப்பர், நிழல், ஹாரன் சத்தம் இல்லை. போகாதீர்கள் என்று நான் யாரையும் சொல்வதில்லை. முதுகுவலிக்காரர்கள் சிலரைச் சைக்கிள் ஓட்டச் சொன்னதே நான்தான்.

ஆனால் ஆள் இல்லாத ரோடு வேறு, அடைத்துவிட்ட ரோடு வேறு. அமெரிக்காவில் கிளேசியர் தேசியப் பூங்காவில் 'கோயிங் டு த சன்' என்று ஒரு மலை ரோடு, லோகன் கணவாயில் 2,026 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. வசந்த காலத்தில் பனியை வாரித் தள்ளிக்கொண்டே போவார்கள், கார்களுக்குத் திறக்கும் முன்பு அந்த ரோட்டில் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் விடுவார்கள். அந்தக் காலி ரோட்டில் சைக்கிள் ஓட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நம் பையன்கள் மலை ஏறுகிறார்கள். அங்கே கார் வராது, ஆனாலும் கரடிக்கு ஸ்பிரே எடுத்துப் போகச் சொல்கிறார்கள். இங்கே ரோட்டை யாரும் அடைக்கவில்லை. விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள் ரோட்டைக் கடப்பார்கள், கொஞ்சம் பொழுதேறியதும் பால் கேனைக் கட்டிய டிவிஎஸ் வரும், திடீரென்று ஒரு வளைவில் கோதையாறு பஸ் நிற்கும். அப்புறம் யானை. இங்கே தேசியப் பூங்கா இல்லை என்றாலும் 2008-ல் அறிவித்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர் இருக்கிறது, அதற்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சைக்கிளில் சத்தமே இல்லாததால் நீங்கள் வருவது யானைக்குத் தெரியாது, வளைவுக்கு அந்தப் பக்கம் அது நிற்பது உங்களுக்கும் தெரியாது. இருட்டோடு மலைப் பகுதிக்குள் போகாதீர்கள், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போனால் போதும்.

சரி, விழுவது எங்கே? ஏறும்போது யாரும் விழுவதில்லை. ஏறும்போது முட்டிதான் கெடும், அதுவும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பெரிய கியரில் மிதிப்பவர்களுக்கு. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாகத்தான் மடங்கியிருக்க வேண்டும், கியரைக் குறைத்து வேகமாக மிதித்தால் முட்டிக்குப் பாரம் குறையும். இதைச் சரிசெய்வது எளிது.

இறக்கம்தான் விஷயம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடப்பீர்கள், 40-ல் போனால் 11 மீட்டர். அதாவது வளைவில் கிடக்கும் சருகைக் கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு பஸ் நீளம் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விழும்போது உடம்பு வாங்கும் அடி இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. டவுனில் 40-ல் போகிறவர் யாரும் கிடையாது, எதிரே வண்டி வருமே என்ற பயம் கையைப் பிடித்திருக்கும். காலி ரோட்டில் அந்தப் பயம் போய்விடுகிறது.

அதோடு நம் ரோட்டுக்கென்று சில குணங்கள் உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, நிழல் விழும் வளைவுகளில் ஓரமெல்லாம் பாசி பிடித்திருக்கும், மழை விட்டு நாலு நாள் ஆனாலும் அந்த இடம் மட்டும் காயாது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும்போது ரோடே தெரியாது, சருகுக்கு அடியில் குழி இருக்கும், ஜல்லி இருக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். வளைவுக்கு முன்பு, சைக்கிள் நேராக நிற்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் நிறைய, ஆனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் விடாமல் அழுத்தியபடியே இறங்காதீர்கள், ரிம் சூடேறும். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். விரலுக்கும் அதுதான் ஓய்வு. இறங்கி முடித்ததும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று அர்த்தம். பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள், நாள்கணக்கில் மரத்தே இருந்தால் வந்து காட்டுங்கள்.

விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறார்கள். அது அனிச்சை, தடுக்க முடியாது. தோள்பட்டையில் விழுந்தால் காறை எலும்பு உடையும், அது கண்ணுக்கே தெரியும். எனக்குக் கவலை மணிக்கட்டுதான். கட்டைவிரலை விறைப்பாக மேலே தூக்குங்கள், அதன் அடியில் இரண்டு தசைநாண் கயிறுபோல் எழும்பி நடுவே ஒரு சிறு பள்ளம் விழும். விழுந்த பிறகு அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? அதற்கு அடியில் முந்திரிப்பருப்பு அளவில் ஸ்கேபாய்டு என்று ஒரு எலும்பு இருக்கிறது. உடைந்திருந்தாலும் கை பெரிதாக வீங்காது, வேலையும் ஓரளவு செய்யும், முதல் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும், வருடங்கள் கழித்து மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுவிடும். முதல் படம் சுத்தமாக இருந்தாலும் வலி இருந்தால் கையை அசைக்காமல் கட்டு போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரேயோ, தேவைப்பட்டால் எம்ஆர்ஐயோ எடுக்கச் சொல்வார் எலும்பு மருத்துவர்.

இந்த ஊரில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடிபட்டால் நேரே வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுவது நமக்குத் தலைமுறைப் பழக்கம். எனக்கு அவர்களோடு சண்டை இல்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் போனவர்கள்தான். எலும்பு உடையவில்லை என்று உறுதியாகும் வரை மட்டும் தடவவோ இழுக்கவோ விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே.

கட்டுப் பிரித்த அடுத்த ஞாயிறே கோதையாறு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் அசையாமல் இருந்த கைக்குப் பிரேக் பிடிக்கும் பலம் இருக்காது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, பழைய டென்னிஸ் பந்தை நாங்கள் சொல்லித்தருகிறபடி அழுத்திப் பழகுங்கள், இரண்டு கையின் பிடியும் ஏறக்குறைய ஒன்றுபோல் வரட்டும். அதுவரை கால்வாய் ஓரமாகப் போகும் சானல்கரை ரோடு இருக்கிறது, பெரிய இறக்கம் இல்லை. தண்ணீர்ப் பக்கம் தடுப்புச்சுவர் இல்லாத இடங்களில் மட்டும் நடு ரோட்டை விட்டு ஒதுங்காதீர்கள்.