திரும்பி வரும் வழி தெரியாமல் எண்டர் தட்டாதீர்கள்

இரவு இரண்டு மணி. தொலைவில் இருந்த ஒரு கிளை அலுவலகத்தின் சுவிட்சில், அதாவது அங்குள்ள கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டியில், புதிதாக ஒரு வீலானை (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளில் ஒன்று) சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பல வீலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டுக்குள் போய் 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 40' என்று தட்டி எண்டரை அழுத்தினேன். அடுத்த கமாண்டைத் தட்ட ஆரம்பித்தால் எழுத்து விழவில்லை. கர்சர் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. தொலைவில் உள்ள பெட்டியில் வேலை செய்யும்போது நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அங்கே போய்த் திரும்பி வந்துதான் நம் கண்ணுக்குத் தெரியும். எழுத்து வரவில்லை என்றால் வழி அறுந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றில் புளியைக் கரைத்தது.

விட்டுப்போனது ஒரே ஒரு சொல்: 'ஆட்'. வீலான் என்ற சொல்லுக்குப் பின்னால் அது இருந்திருந்தால், ஏற்கெனவே உள்ள பட்டியலோடு 40 சேர்ந்திருக்கும். அது இல்லாததால் பழைய பட்டியல் மொத்தமும் போய் 40 மட்டும் நின்றது. நான் உள்ளே நுழைந்த நிர்வாக வீலானும் அந்தப் பழைய பட்டியலில்தான் இருந்தது. உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டிவிட்டேன்.

அந்தக் கட்டடத்தில் அந்த நேரத்தில் இருந்தவர் இரவுக் காவலாளி மட்டும்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு டிக்கெட்டை (கோளாறுப் பதிவு) தேடிப் பிடித்து, அதிலிருந்து அவருடைய எண்ணை எடுத்தேன்.

"அண்ணே, இந்த நேரத்துல எழுப்பினதுக்கு மன்னிச்சுக்கோங்க. சர்வர் ரூமுக்குள்ள இரும்பு அலமாரி ஒண்ணு இருக்கும். அதுல லைட் எரியுற பெட்டி தெரியுதா?"

"லைட் எரியுற பெட்டி நாலு இருக்கு சார். நீங்க எதைச் சொல்றீங்க?"

நான்கில் ஒன்று சேமிப்புப் பெட்டி. அதன் மின்சாரத்தைப் பிடுங்கினால் அந்த அலுவலகத்தின் தரவுக்கே ஆபத்து. எந்தப் பெட்டியிலும் பெயர் ஒட்டியிருக்கவில்லை. எதில் கேபிள் அதிகம், எந்தக் கேபிள் என்ன நிறம், எந்த வரிசையில் எத்தனை ஓட்டை என்று அவர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அரை மணி நேரத்தில் சரியான பெட்டியைக் கண்டுபிடித்தோம். மின்கம்பியைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி செருகினார். நான் மாற்றத்தைச் சேமித்திருக்கவில்லை. அதனால் சுவிட்ச் பழைய கான்ஃபிக்கோடு, அதாவது பழைய அமைப்பு வரிகளோடு, எழுந்து வந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் 'எந்த டூலைக் கற்றுக்கொள்ளலாம்?' என்றுதான். கேள்வி சரியானதுதான். ஆனால் எந்த டூலை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, தப்பு நடந்தால் திரும்பி வர அது வழி வைத்திருக்கிறதா என்பதை. அந்த வழி பெரும்பாலும் இருக்கும். யாரும் சொல்லித் தராததால் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம்.

அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது 'ரீலோட் இன் 10' என்ற ஒரு வரி. மாற்றம் செய்யும் முன் இதைத் தட்டிவிட்டால் சிஸ்கோ நிறுவனத்தின் பெட்டி பத்து நிமிடம் கழித்துத் தானாக மறுபடி துவங்கும். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேலை நல்லபடியாக முடிந்து, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு 'ரீலோட் கேன்சல்'. அதற்கப்புறம்தான் சேமிப்பு. வழி அறுந்துபோனாலும் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குப் பெட்டி திரும்பிவிடும், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. முழுப் பெட்டியும் துவங்குவதால் அதில் தொங்கும் எல்லோருக்கும் சில நிமிடம் இணைப்பு போகும். அதனால் பகலில் இதைத் தொட முடியாது. பழைய கான்ஃபிக்கின் பிரதியை எடுத்து வைக்கும் ஆர்க்கைவ் வசதியை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தால், 'கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர்' என்ற வழி பெட்டியை அணைக்காமலே பழைய கான்ஃபிக்கைக் கொண்டுவந்துவிடும். ஜூனிப்பர் நிறுவனத்தின் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாத மாற்றத்தை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். இவையெல்லாம் பல வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருப்பவை. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது கான்ஃபிக் பேக்கப். ரான்சிட், ஆக்ஸிடைஸ்ட் என்ற இரண்டு டூல்களும் இலவசம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போய்க் கான்ஃபிக்கை எடுத்து, முந்தையதோடு ஒப்பிட்டு, என்ன மாறியது என்று காட்டும். அமைத்துக் கொடுத்தால் ஆக்ஸிடைஸ்ட் அதை கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) போட்டு வைக்கும். 'நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது' என்று டிக்கெட் வந்தால் நான் முதலில் திறப்பது இந்த ஒப்பீட்டைத்தான். கோபத்தோடு தொடங்கும் எத்தனையோ விவாதங்கள் நீக்கியதைச் சிவப்பிலும் சேர்த்ததைப் பச்சையிலும் காட்டும் அந்த வரிகளைப் பார்த்ததும் அடங்கியிருக்கின்றன.

இனி, கண்டுபிடிக்கும் டூல்கள். எதிர்முனைக்கு ஒரு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதியது. அவ்வளவு பழையது, இன்றும் எல்லோருக்கும் கை முதலில் போவது அதற்குத்தான். நானும் அப்படித்தான். ஆனால் 'பிங் வருகிறது, நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கிறது' என்று டிக்கெட்டை மூடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிங் இயல்பாக அனுப்புவது சின்னஞ்சிறு பாக்கெட் (தரவுப் பொட்டலம்). விண்டோஸில் 32 பைட், லினக்ஸில் 56 பைட். சின்ன பாக்கெட் போய் வந்ததால் பெரிய பாக்கெட்டும் போகும் என்று ஆகிவிடாது.

ஒரு டிக்கெட் எனக்கு மறக்காது. ஒரு அலுவலகத்தில் மென்பொருளின் லாகின் பக்கம் வருகிறது, உள்ளே போய் அறிக்கையைத் திறந்தால் அப்படியே நிற்கிறது. மூன்று பேர் பிங் அடித்துப் பார்த்து நெட்வொர்க் நல்லாயிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மென்பொருள் குழு சர்வர் நல்லாயிருக்கிறது என்று எழுதியது. நடுவில் அந்த அலுவலகத்து ஊழியர்கள் நான்கு நாள் கையால் கணக்கு எழுதினார்கள். நான் பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட்டில் பிங் அனுப்பினேன். முகவரி முதலிய விவரம் உள்ள 28 பைட் தலைப்போடு சேர்ந்து அது சரியாக 1500 ஆகும், ஈதர்நெட்டின் வழக்கமான அளவு. வரவில்லை. 1400 வந்தது. நடுவில் ஒரு டன்னல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) இருந்தது, அது தன் தலைப்புக்கு இடம் பிடித்துக்கொண்டதால் 1500 நுழையவில்லை. 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு' என்று ரவுட்டர் ஐசிஎம்பி (பிழையைச் சொல்லும் செய்தி முறை, பிங்கும் இதில்தான் போகிறது) மூலம் சொல்லும். அந்தச் செய்தியை வழியில் இருந்த ஃபயர்வால் தடுத்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு என்று நினைத்து யாரோ பிங்கைத் தவிர மற்ற ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்திருந்தார்கள். அந்த ஒரு வகைச் செய்தியைத் திறந்துவிட்டதும் அறிக்கை வந்தது. ஃபயர்வால் பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். ஐசிஎம்பியைக் கண்மூடி அடைப்பது, வழி கேட்கப் போனவன் வாயைக் கட்டுவது மாதிரி.

வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் ஒரு வரியாகக் காட்டும் டிரேஸ்ரூட் இதைவிட அதிகம் தவறாகப் படிக்கப்படுகிறது. அதையே திரும்பத் திரும்ப ஓட்டும் எம்டிஆர் டூல் நடுவில் ஐந்தாவது வரியில் 60 சதவீதம் இழப்பு என்று காட்டும், உடனே சேவை நிறுவனத்தோடு சண்டை தொடங்கும். கடைசி வரியில் இழப்பே இல்லை என்பதை யாரும் பார்ப்பதில்லை. கடந்து போகும் பாக்கெட்டை ரவுட்டரின் சிப்பே அனுப்பிவிடுகிறது. டிரேஸ்ரூட்டுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் அதன் மையச் செயலி. அது தன் சொந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்பதால் பதில்களுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். ஒரு வரியில் தொடங்கிய இழப்பு கடைசி வரை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்புறம், அது காட்டுவது போகும் வழியை மட்டும். திரும்பும் வழி வேறாக இருக்கலாம், அதையும் எதிர்முனையிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

லிங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கிராஃப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நிமிடச் சராசரி 30 சதவீதம் என்று காட்டும் லிங்க், அந்த ஐந்து நிமிடத்துக்குள் சில நொடி நிரம்பி வழிந்து பாக்கெட்டைக் கொட்டியிருக்கலாம். போர்ட்டின் டிராப் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆட்டோமேஷனுக்கு நான் எதிரி இல்லை. பல பெட்டிகளுக்குக் கமாண்டைத் தானாக அனுப்பும் அன்சிபிளும் நெட்மிகோவும் இல்லாமல் இன்று 200 சுவிட்சை ஒரு ஆள் பார்த்துக்கொள்ள முடியாது. ஆனால் நான் ஒரு சுவிட்சில் 'ஆட்' விட்டது ஒரு காவலாளியின் தூக்கத்தோடு போயிற்று. அதே வரி பிளேபுக்கில் (அன்சிபிளுக்குக் கொடுக்கும் வேலைப் பட்டியல்) இருந்தால் 200 இடம். அதனால் முதலில் ஒரு பெட்டி, அது நன்றாக இருந்தால் ஐந்து, அப்புறம்தான் மற்றவை. இந்தப் பொறுமை வேகத்தைக் குறைக்கிறது என்று மேலாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் நினைவூட்டுவது இது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றதற்குக் காரணம், பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கமாண்ட். அப்படிப்பட்ட கமாண்டைத் தடுத்து நிறுத்த அவர்களிடம் ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதில் ஒரு பிழை, தடுக்கவில்லை. நெட்வொர்க் போனதும் பொறியாளர்களின் உள்டூல்களும் வேலை செய்யவில்லை, ஆட்களைத் தரவு மையத்துக்கு நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. கனடாவில் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை 2022 ஜூலை 8 அன்று முடங்கியபோதும் இதே கதை. நிர்வாகம் செய்யும் வழியும் விழுந்துபோன நெட்வொர்க்கையே நம்பி இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல.

நம் நெட்வொர்க் சின்னதாக இருக்கலாம். முக்கியமான இடங்களில், நெட்வொர்க் இல்லாமலே பெட்டிக்குள் நுழைய உதவும் கன்சோல் போர்ட்டில் தனி செல்பேசி இணைப்போடு ஒரு சின்ன பெட்டியை மாட்டிவைப்பது பெரிய செலவில்லை. அதைவிட மலிவு, ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் ஒட்டுவது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

இப்போது நிறையப் பேர் கான்ஃபிக்கைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் எழுதி வாங்குகிறார்கள். நானும் ஸ்கிரிப்டுக்குப் பயன்படுத்துகிறேன், நல்ல உதவி. ஆனால் அது தரும் கமாண்ட் நம் பெட்டியின் பதிப்பில் இல்லாததாகவும் இருக்கலாம், இருந்தும் வேறு அர்த்தம் தரலாம். சோதனைப் பெட்டியில் ஓட்டிப் பார்க்காமல் உண்மையான பெட்டியில் ஒட்டாதீர்கள். இன்னொன்று, ஓடும் கான்ஃபிக்கை அப்படியே அங்கே கொட்டாதீர்கள். அதில் சிஸ்கோவின் 'டைப் 7' முறையில் மறைத்த கடவுச்சொல் புரியாத எழுத்தாகத் தெரிவதால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அதை நொடியில் பழைய எழுத்துக்கு மாற்றிவிட முடியும். பெட்டியைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறைக்குக் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டிச் சொல்லும் பல கான்ஃபிக்குகளில் வெறும் எழுத்தாகவே இருக்கும்.

கடைசியாக வேலை செய்யும் மனிதரைப் பற்றி. எனக்கு அதிகம் மனம் வருந்துவது இங்கேதான். அந்த 'ஆட்' விட்டுப்போன இரவில் நான் காலை ஏழு மணிக்கே எழுந்து, பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பத்தொன்பது மணி நேரம் விழித்திருந்த நிலையில் உட்கார்ந்திருந்தேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதுக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். நூற்றுக்கணக்கான பேரின் இணைப்பைத் தொடும் வேலையை மட்டும் அந்த நிலையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

இரவு மாற்றம் இருக்கிற நாளில் பகல் ஷிப்ட் வேண்டாம் என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கிய வருடங்கள் எனக்கும் இருந்தன. மாற்றம் செய்யும்போது இன்னொருவர் அழைப்பில் இருக்கட்டும். எண்டர் அழுத்தும் முன் கமாண்டை வாய்விட்டுப் படியுங்கள். 'ஆட்' இல்லாதது கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. ஆன்காலில் (கோளாறு வந்தால் உடனே பார்க்க வேண்டிய முறை) ஓர் இரவுக்கு நாற்பது அலர்ட் வந்து அதில் முப்பத்தெட்டு தானாகச் சரியாகிவிட்டால், அந்த முப்பத்தெட்டையும் மறுநாளே உட்கார்ந்து குறையுங்கள். இல்லையென்றால் மீதி இரண்டையும் தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிடும் நாள் வரும். தப்பு செய்தவர் உடனே வாய் திறந்து சொல்ல முடிகிற குழுவில் கோளாறு சீக்கிரம் சரியாகிறது. அன்றைக்கு என் மூத்தவர் முதலில் கேட்டது, 'சேவ் பண்ணிட்டியா?' என்று மட்டும்தான். இல்லை என்றேன். 'அப்போ பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு' என்றார். திட்டுவார் என்று பயந்து அவரைக் கூப்பிடாமல் இருந்திருந்தால், விடியும் வரை நானே ஏதேதோ செய்து கெடுத்திருப்பேன்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு முழுக்க விழித்து மாற்றம் செய்தவரைக் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அதிகாலையிலேயே டிக்கெட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் படுக்கப் போயிருப்பார். அதைத் திறந்து படித்தால் போதும்.